கங்கையில் விட்ட பாட்டு

இதை எழுத வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேனாவை எடுப்பேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்று திரும்ப வைத்துவிடுவேன். படிப்பில்லை என்பது வெறும் சாக்கு. கல்கத்தாப் பயணத்தை எழுத உட்கார்ந்தால், திரும்பி வந்தபின் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டியிருக்கும். அந்தப் பயம்தான். இப்போது எனக்கு அறுபது நெருங்குகிறது. இனியும் தள்ளிப்போட்டால் அதை என்னோடு சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள். எங்கள் திருநெல்வேலி அம்மை காந்திமதியை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

எங்கள் தாமிரபரணிக் கரையில், பாட்டுக் கட்டி மெட்டுப் போட்டு நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவரை அண்ணாவியார் என்போம். எங்கள் அண்ணாவியாருக்குப் பெயர் உண்டு. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, சொந்த வீடும் கிடையாது. அவருடைய பாட்டு உயர்ந்ததா தாழ்ந்ததா என்று சொல்லும் ஞானம் எனக்கில்லை. அழுகிறவனைப் பார்த்து அழாதே என்று சொல்லாத பாட்டுகள் அவை. பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை பஜனை மடத்தில் அவர் பாடி முடித்தால், கடன்காரனும் கடன் கொடுத்தவனும் ஒரே தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவரிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாட்டைக் காகிதத்தில் எழுதி யாருக்கும் கொடுக்க மாட்டார். தன் ஞாபகத்துக்காக ஒரு நோட்டில் எழுதி வைப்பார், அவ்வளவுதான். மற்றவர்கள் வாயால் கேட்டு வாயால் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு முறை யாரோ நாலு பாட்டைக் கண்டபடி அச்சடித்துத் தேர்த்திருவிழாவில் விற்றுவிட்டார்கள். சொற்களெல்லாம் மாறிக் கிடந்தன. மூன்று நாள் சாப்பிடவில்லை மனிதர். அதற்குப் பின் அந்தக் கட்டு இன்னும் இறுகிப்போயிற்று.

எங்களுக்கு ஒரே பெண், உலகு. ஆறு வயதில் வாந்திபேதியில் ஒரு பகலுக்குள் போய்விட்டாள். அன்று முதல் என் மனைவி வடிவு விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டாள். கோயிலுக்கு வா என்று கூப்பிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். ஒரு வருஷம் கழித்து அண்ணாவியார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இருந்தபடியே கேட்டாள்:

"அம்மையை அம்மா அம்மான்னு ஊரெல்லாம் பாட்டுக் கட்டுதீகளே, அவளுக்குப் பிள்ளை செத்திருக்கான்னு ஒருநாளாவது கேட்டீகளா?"

அண்ணாவியார் கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்துவிட்டார். "கேக்கேன் தாயி. பதிலோட வாரேன்" என்றார்.

அந்த வருஷமே கல்கத்தாவில் உத்தியோகம் பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் நவராத்திரிப் பஜனைக்கு அவரை அழைத்துப் போனார்கள். இங்கே வடிவுக்கு இருமல் முற்றியது. வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டு, க்ஷயம், தை தாண்டாது என்றார். அப்போதுதான் அண்ணாவியாரின் கார்டு வந்தது. "வடிவு கேட்ட கேள்வியைப் பாட்டாக்கிவிட்டேன். பதிலும் கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் விடவில்லை. தபாலில் பாட்டு அனுப்பும் வழக்கம் நமக்கில்லை. நீ வந்து வாங்கிக்கொண்டு போ."

கார்டை வடிவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒரே ஒரு சொல் சொன்னாள். "போங்க." என் தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டு மறுநாளே ரெயிலேறினேன்.

ஹவுராவில் இறங்கியபோது காலை எட்டு மணி இருக்கும். ஆற்றைத் தாண்டினால் கல்கத்தா. தாண்டுவதற்குத்தான் வழியில்லை. அங்கே பாலம் நம்மூர்ப் பாலம்போல் தூண்மேல் நிற்பதில்லை, படகுகளின்மேல் மிதக்கிறது. பெரிய கப்பல் வந்தால் நடுத்துண்டைக் கழற்றி ஒதுக்கி வழிவிடுகிறார்கள். அன்று கழற்றிவிட்டார்கள். வண்டிகள், மாடுகள், தலையில் கூடை சுமந்தவர்கள், கோட்டுப் போட்ட பாபுக்கள் எல்லோரும் கரையோரம் குவிந்து நின்றோம். ஒரு பாபு கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற தெலுங்குக்காரர் எனக்குச் சொன்னார்: "துரையோட கப்பல் போகட்டும், அப்புறம் நாம போகலாம்னு சொல்றார்."

பசிக்குப் பொரி வாங்கினேன். விற்றவன் நான் தடுப்பதற்குள் கடுகெண்ணெயைத் தெளித்துக் கிளறிவிட்டான். மூக்கில் ஏறியது. கங்கைக் கரையில் உணவைக் கொட்டக்கூடாது என்று கண்ணீரோடு தின்றேன். அக்கரையில் படித்துறைகள் தெரிந்தன. ஒரு படியில் நாலைந்து பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று எதையோ விட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ கர்மம் செய்கிறார்கள் என்று இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன். பாலம் மூட மூன்று மணி நேரம் ஆயிற்று.

அக்கரையில் டிராம் ஏறினேன். குதிரை இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் வண்டி. கூரைமேல் ஒரு கழி, மேலே போகும் கம்பியைத் தொட்டுக்கொண்டே வருகிறது. பாதி வழியில் கழி கம்பியை விட்டு விலகி, வண்டி படக்கென்று நின்றது. கண்டக்டர் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக் கழியை ஆட்டினான். பிரயாணிகள் எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நம்மூரில் தேர் நிலைக்கு வராவிட்டால் கூட்டம் என்ன சத்தம் போடுமோ அதே சத்தம். பவானிப்பூரில் இறங்க வேண்டியவன் இடம் தெரியாமல் காளிகாட் வரை போய், மூட்டையோடு திரும்பி நடந்தேன்.

கார்டில் இருந்த விலாசத்தைக் காட்டிக் காட்டி வீட்டைக் கண்டுபிடித்தேன். கீழே வீட்டுக்கார வங்காளி பாபு, மாடியில் சங்கரலிங்கம் பிள்ளை. சங்கரலிங்கம் எங்கள் பக்கத்து ஊர். கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. என்னைவிடப் பத்து வயது இளையவர். மாடிப்படியில் ஈர வேட்டியோடு அவர் ஏறிக்கொண்டிருந்தார். "தம்பி" என்று கூப்பிட்டேன். திரும்பினார். தலையும் மீசையும் மழித்திருந்தது.

மூட்டை கையை விட்டு விழுந்தது.

"விஜயதசமி அன்னிக்குக் காலையில அண்ணாச்சி" என்றார். "நீங்க வருவீக வருவீகன்னு ரெண்டு நாளா வாசலையே பாத்தாக. எனக்குப் பிள்ளை இல்ல, நீ கொள்ளி வைப்பியாலேன்னு என்கிட்டக் கேட்டாக. வச்சேன். இன்னிக்குக் காடாத்து. அஸ்தியக் கொண்டுபோய்ப் பெரிய கங்கையில விட்டுட்டு, மத்த காரியமும் முடிச்சு முழுகிட்டு இப்பத்தான் வாரோம்."

அவர் மனைவி கோமதி உள்ளிருந்து ஓடிவந்து, "அண்ணாச்சி, பிந்திட்டீகளே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழுது ஓய்ந்தபின் எனக்கு வடிவு ஞாபகம் வந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "தம்பி, அவுக நோட்டு எங்க இருக்கு?"

சங்கரலிங்கம் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் என்னைப் பார்த்தார். "அதையும் விட்டாச்சே."

"எதை?"

"நோட்டைத்தான். அஸ்திக் கலயத்தோட பட்டுத்துணியில சுத்தி விட்டோம். செல்லரிச்ச ஏட்டையும் பழைய சாமி படத்தையும் ஆத்துல விடுததுதான நம்ம வழக்கம்? நாலு பேர் கையில மாட்டி, கடையில பொட்டலம் மடிக்கப் போயிரக் கூடாதுன்னு..." பேசிக்கொண்டே இருந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன் அண்ணாச்சி? என்ன இருந்திச்சு அதுல?"

நான் சொன்னேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எப்ப விட்டீக?" என்று கேட்டேன். "ஒம்பது மணி இருக்கும்" என்றார். ஒன்பது மணிக்கு நான் எதிர்க்கரையில் பொரி தின்றுகொண்டிருந்தேன். நான் கும்பிட்டது அவர்களைத்தானா என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ படித்துறை. தெரிந்து இனி என்ன.

தவறு அவர்மேல் இல்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஊரில் என் பாட்டனார் ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவன் நான்தான்.

சாயங்காலம் மாடியில் நம்மவர்கள் கூடினார்கள். கம்பெனி, பாங்கு, சர்க்கார் ஆபீஸ் என்று முப்பது பேர் இருக்கும். ஒவ்வொருவரும் வந்து சங்கரலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அண்ணாவியார் படுத்திருந்த பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரோ ஒரு பாட்டை எடுத்தார்கள். பாதியில் நின்றுபோனது. இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார்.

"அது 'நில்லடா' இல்ல வே, 'நில்லப்பா.' அண்ணாவியார் வாயில 'டா' வராது" என்றார் ஒருவர்.

"உமக்கு வந்திருக்காது. எனக்குச் சொல்லிக்குடுத்தப்ப 'டா'தான்."

"நீரு இருந்த லட்சணத்துக்கு 'டா' போட்டிருப்பாக."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மறுபடி அழுதார்கள். சமையல் செய்யும் ஆறுமுகம் கதவோரம் நின்று பேசினான்: "நான் குடிச்சே செத்திருக்க வேண்டியவன் ஐயா. ஒருநாள் போதையில தெருவில கிடக்கேன். அவுக தாண்டிப் போகல. பக்கத்துல குந்தி ஒரு பாட்டு முழுக்கப் பாடுனாக. 'எந்திரி'ன்னு சொல்லவே இல்ல. நானா எந்திரிச்சேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டான்.

அவர்கள் துக்கம் பெரிது. நான் அதில் கலந்துகொள்ள முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் அழுதது கிடைத்த பாட்டுகளுக்காக.

மறுநாள் பொழுது விடிந்ததும் ஆறுமுகத்தைக் கூட்டிக்கொண்டு அந்தப் படித்துறைக்குப் போனேன். சங்கரலிங்கம் வரவில்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, என் முகத்தை அவராலும். பட்டு கனமில்லாதது, எங்காவது ஒதுங்கியிருக்கும் என்று ஒரு நப்பாசை.

கரையில் நான் கண்டதை எப்படி எழுதுவேன்! வங்காளிகள் நவராத்திரியில் அம்மையை மண்ணால் செய்து பூஜித்து, விஜயதசமியன்று ஆற்றில் விடுகிறார்கள். மூன்று நாளில் மண் கரைந்துவிட்டது. உள்ளே கட்டிய வைக்கோலும் மூங்கிலும் மட்டும் கரை நெடுக ஒதுங்கிக் கிடந்தன. பத்துக் கை விரித்த வைக்கோல் உடம்புகள். தலை இல்லை, முகம் இல்லை. ஒரு கையில் மட்டும் கொஞ்சம் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. நான் அவற்றுக்கு நடுவே குனிந்து குனிந்து ஒரு நோட்டைத் தேடினேன்.

படகுக்காரன் ஒருவன் என்ன தேடுகிறோம் என்று கேட்டான். ஆறுமுகம் தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னான். படகுக்காரன் தலையை ஆட்டிவிட்டு எதையோ சொன்னான்.

"என்ன சொல்லுதான்?"

"ஏத்தம் எறக்கம் ரெண்டும் இந்த ஆத்துல இருக்காம் ஐயா. கடல் தண்ணி உள்ள வருமாம். முன்னால விட்டது பின்னால போயிருக்கும், பின்னால விட்டது முன்னால போயிருக்கும், எந்தப் பக்கம்னு தேடுவீகங்கான்."

உச்சி வெயில் வரை தேடினோம். நம் தாமிரபரணி என்றால் எந்த வளைவில் என்ன ஒதுங்கும் என்று எனக்குத் தெரியும். இது யாருடைய ஆறோ.

திரும்பி வந்தபோது வீட்டுக்கார பாபு வாசலில் நின்றிருந்தார். பூணூல் போட்ட பிராமணர். கையில் ஒரு பெரிய மீனை வாலில் கயிறு கோத்துத் தொங்கவிட்டிருந்தார். முதல்நாள் பார்த்திருந்தால் நான் முகம் சுளித்திருப்பேன். அவர் மீனைப் பின்னால் மறைத்துக்கொண்டு, என் தோளில் கைவைத்து மெல்லப் பேசினார். கோமதி மாடியிலிருந்து தமிழில் சொன்னாள்: "பாஷை புரியாட்டாலும் அண்ணாவியார் பாட்டைத் தினம் மாடிப்படியில உக்காந்து கேப்பாராம் அண்ணாச்சி. வருத்தப்படாதீக, நாங்க அம்மையவே ஆத்துல விடுதோம், வார வருஷம் திரும்பி வந்துருதாங்காரு."

"அம்மை வருவா. நோட்டு வருமா, கேளு" என்றேன்.

கோமதி கேட்கவில்லை. பாபுவின் மனைவி இலையில் கொஞ்சம் சந்தேஷ் வைத்து அனுப்பினாள். பாலைத் திரியவைத்துச் செய்த இனிப்பு. வாயில் போட்டேன், மண்போல் இருந்தது. அது அந்தப் பண்டத்தின் குற்றமல்ல.

மூன்றாம் நாள் கோமதிதான் முதலில் பேசினாள். சொதியும் சோறும் பரிமாறிக்கொண்டிருந்தவள், "அண்ணாச்சி, அந்தப் பாட்டை நான் கேட்டிருக்கேன்" என்றாள்.

நான் இலையைத் தள்ளி வைத்தேன். "சொல்லு தாயி."

"காய்ச்சலோட முனங்கிக்கிட்டே கட்டுனாக. மொத ரெண்டு பகுதியும் பலநாள் பாடுனாக. ஆறுமுகத்துக்கும் தெரியும்."

இரண்டு பேரும் மாறி மாறி எடுத்துக்கொடுத்தார்கள். ஒரு சொல்லில்கூட வித்தியாசம் இல்லை. அதை இங்கே எழுதுகிறேன். எழுதுவது அவருடைய கட்டுக்கு விரோதம், மன்னிக்க வேண்டும்.

பெற்றவள் நீயென்றால் பேசு தாயே – பிள்ளை
அற்றவள் கேட்கிறேன் அறிந்தாயோ நீயே

அது பல்லவி. அனுபல்லவி இது:

கற்றவர் சொல்லுக்குக் காது தந்தாய் – என்
ஒற்றை விளக்கணைய எங்கு நின்றாய்

வடிவின் குரலே கேட்டதுபோல் இருந்தது. அவள் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு முறை பேசினாள். அந்த மனிதர் ஆயிரம் மைல் அதைச் சுமந்து வந்து ஒரு தூசி சிந்தாமல் வைத்திருந்தார்.

"சரணம்?" என்றேன்.

கோமதி ஆறுமுகத்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சரணம் நான் கேக்கல ஐயா. சந்தைக்குப் போயிருந்தேன்."

"நான் ஒருக்காத்தான் கேட்டேன்" என்றாள் கோமதி. "சரஸ்வதி பூஜை அன்னிக்கு. சரணத்துல அம்மை பதில் சொல்லுதாப்புல வரும். மெட்டு இறங்கி, தாலாட்டு மாதிரி. கையில கரண்டியோட அப்படியே உக்காந்துட்டேன். உடம்பெல்லாம் ஆடிப்போச்சு."

"அம்மை என்ன சொன்னா?"

"மெட்டுத்தான் நிக்கி அண்ணாச்சி." அவள் முனகிக் காட்டினாள். ஏறாமல், அலையாமல், படிப்படியாக இறங்கும் மெட்டு. சொல் இல்லை.

"ஒரு சொல்லாவது? தாயி, யோசிச்சுப் பாரு. ஒத்தைச் சொல்."

"ரசம் பொங்கிருச்சு. எந்திரிச்சு அணைக்கப் போனேன். திரும்பி வந்தா முடிஞ்சுபோச்சு. இன்னொருக்கா பாடச் சொல்லணும்னு நெனச்சேன். மறுநாள் போயிட்டாக." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "ரசத்தை அணைக்கப் போனேனே பாவி!"

அன்று முழுதும் அவளைத் தொந்தரவு செய்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்த நாள் என்ன சேலை உடுத்தியிருந்தாய், அடுப்பில் என்ன இருந்தது, யார் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் அந்தச் சொல்லும் கூட வரும் என்று நினைத்தேன். எல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை.

சாயங்காலம் சங்கரலிங்கம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தார். "அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. மெட்டு இருக்கு. நம்மள்ல ரெண்டு பேருக்குப் பாட்டுக் கட்டத் தெரியும். சரணத்தை நாமளே கட்டிருவோம். மதினி உசிரு போற நேரம். யாருக்குத் தெரியப்போவுது?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். "வே, அவுக பாட்டுலயா கை வைக்கச் சொல்லுதீரு? அம்மை வாயில நாம சொல்லு வைக்கதா? நோட்டத் தொலைச்சது காணாதா உமக்கு?" என்றேன்.

கடைசிச் சொல் அவரைக் குத்திவிட்டது. மாடியில் இருந்தவர்கள் என்னைப் பார்த்து, "இவருல்லா பக்தர்" என்றார்கள். அந்தப் பேச்சு இன்றும் என் காதில் இருக்கிறது.

நாலாம் நாள் காளிகாட்டுக்குப் போனேன். பண்டா என்கிற கோயில் தரகன் ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்தான், மற்றொருவன் துண்டைப் பிடித்து இழுத்தான். மண்டபத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது அந்தச் சத்தம் இல்லை. சைவனான நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். உள்ளே கூட்டத்தில் நசுங்கி, அம்மையின் மூன்று கண்ணை ஒரு நொடி பார்த்தேன்.

"உன்கிட்டத்தான் கேட்டாரு. நீதான் சொன்ன. எனக்கும் ஒருக்காச் சொல்லு" என்று வாய்விட்டுக் கேட்டேன். பின்னால் நின்றவன் தள்ளினான். வெளியே வந்து விழுந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றே ரெயிலேறினேன். ஆறுமுகம் வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தான். சங்கரலிங்கம் ஸ்டேஷன் வரை வந்து, வண்டி நகரும்வரை தலையைத் தூக்கவே இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வழியெல்லாம் அந்த மெட்டு மண்டைக்குள் ஓடியது. வெறும் மெட்டு நெடுநேரம் வெறுமையாக ஓடாது. சொற்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். உதறினேன். திருநீறு எடுத்துப் பூசினேன். மறுபடி ஒட்டின. வடிவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, பாதிப் பாட்டை மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் ஊருக்குள் நுழைந்தேன்.

வீட்டுக்குள் போனேன். வடிவு சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். பூஜை மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்குமேல் அணைந்து கிடந்த விளக்கு. "நீங்க போன அன்னிக்கு ஏத்தினா. தினம் ஏத்துதா" என்று தங்கை என் காதில் சொன்னாள்.

"பதில் கிடைச்சுதா?" என்று கேட்டாள் வடிவு.

பாட்டுக் கிடைத்ததா என்று கேட்டிருந்தால் பாதி கிடைத்தது என்று சொல்லியிருப்பேன். அவள் பதிலைக் கேட்டாள். நான் பல்லவியைப் பாடினேன். கண்ணை மூடிக் கேட்டாள். அனுபல்லவியைப் பாடினேன். "ஆமா, இதத்தான் கேட்டேன்" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து என் வாயையே பார்த்தாள்.

நிறுத்தியிருக்க வேண்டும். அந்தக் கண்ணைப் பார்த்து என்னால் நிறுத்த முடியவில்லை. ரெயிலில் ஒட்டிக்கொண்ட சொற்கள் அந்த மெட்டில் இறங்கி வந்துவிட்டன. அதை இங்கே எழுதாவிட்டால் எதைத் தள்ளுவது என்று உங்களுக்குத் தெரியாது, அதற்காக எழுதுகிறேன்:

தொட்டிலை அவிழ்த்தவள் நானே அம்மா – அவளைக்
கட்டி என் மடியில் கிடத்திக்கொண்டேன்
விட்டுப் பிரிந்ததாய் எண்ண வேண்டாம் – அவள்
சிரித்துக் கிடக்கிறாள், நான் பார்த்திருப்பேன்

வடிவு விளக்கைப் பார்த்தாள். பிறகு, "சிரிச்சுக் கிடக்காளாமா?" என்றாள்.

"ஆமா."

"அண்ணாவியார் வாயாலயே கேட்டீகளா?"

"கேட்டேன்."

அவள் அழுதாள். உலகு போனபின் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அதன் பிறகு இருபத்தாறு நாள் இருந்தாள். தினம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அம்மை சொன்னத மட்டும் பாடுங்க" என்பாள். அண்ணாவியார் பாடிய இரண்டு பகுதியையும் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கடைசி நாளும் என்னுடையதைத்தான் கேட்டாள். நான் பாடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

அவளுக்கு ஆறுதல் கிடைத்ததே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பன்னிரண்டு வருஷமாக அதையே சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டது அம்மையை. பதில் சொன்னது நான். உலகு எங்கே இருக்கிறாள், சிரிக்கிறாளா அழுகிறாளா, எனக்கு என்ன தெரியும்? அம்மை உண்மையில் என்ன சொன்னாள் என்பது அந்த ஆற்றோடு போயிற்று. ஒருவேளை அது ஆறுதலாகவே இல்லாமலும் இருந்திருக்கலாம். வடிவு வேறு எதற்கும் ஏமாறாதவள். என்னை நம்பி ஏமாந்து போனாள்.

அவளைக் கிடத்தியிருந்தபோது என் தங்கை அந்தச் சரணத்தைப் பாடி அழுதாள். கூடியிருந்த பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். இன்று எங்கள் பக்கம் எந்த வீட்டில் குழந்தை போனாலும் அதைப் பாடுகிறார்கள். அண்ணாவியாரின் கடைசிப் பாட்டு என்று பஜனை மடத்தில் விழுந்து கும்பிடுகிறார்கள். போன மாசம் ஒரு பெண் ஏழு கல் நடந்து வந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அந்தப் புண்ணியவான் வாயால நேரா கேட்ட காதுல்லா உங்க காது. அம்மை அப்படியேதான் சொன்னாளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். நான் "ஆமா தாயி" என்றேன். இரண்டாம் முறை.

அவள் போனபின்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சங்கரலிங்கம் இப்போது இல்லை. அவர் மக்கள் இதைப் படித்தால், உங்கள் அப்பா கேட்டுவிட்டுச் செய்யாததை, கேட்காமல் செய்தவன் நான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதை வாங்கிப் படிப்பவர்கள் பிரதி எடுத்து அடுத்த ஊருக்குக் கொடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்த வேண்டாம். நான் பொய் சொன்ன இரண்டு இடத்தையும் என்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட வேண்டாம். பாடுகிறவர்கள் அனுபல்லவியோடு நிறுத்துங்கள். அம்மை என்ன சொன்னாள் என்று எந்தத் தாயாவது கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள்.